பதினாலு கோழியும் ஒற்றை முட்டையும்

கஜா புயல் அடித்து எட்டு நாளாகியிருந்தது. கீரமங்கலம் பக்கத்தில் பெட்ரோலுக்கு இரண்டு விலை. பங்க் போர்டில் ஒன்று, ரோட்டோரத்தில் ஒன்று. போர்டு விலைக்குச் சரக்கு இல்லை. ரோட்டோரத்தில் சரக்கு இருந்தது, விற்றவனுக்கு மனசாட்சிதான் இல்லை. காலையில் நூற்றைம்பதுக்கு விற்ற லிட்டர் மத்தியானம் இருநூறு. ஏனப்பா என்று கேட்டால், "வேணாம்னா தள்ளிக்கங்க, பின்னாடி ஆளு நிக்குது" என்பான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்!

செங்கமலத்துக்கு அன்று பொழுது சாய்வதற்குள் ஐந்து லிட்டர் பெட்ரோல் வேண்டும். இல்லாவிட்டால் நூற்று எண்பத்தேழு உயிர் போய்விடும்.

உயிர் என்றால் நாட்டுக்கோழிக் குஞ்சு. அதுவும் முட்டையை விட்டு இன்னும் வெளியே வராத குஞ்சு. இரண்டு வருடம் பூக்கட்டிச் சேர்த்த காசில் குஞ்சு பொரிக்கிற மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டுப் பின்னறையில் வைத்திருந்தாள். அது வந்து இறங்கிய அன்று அவள் புருஷன் நாகராசு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, ஊர்ல இருக்குற கோழியெல்லாம் ரிட்டயர் ஆயிருச்சா?" என்று கேட்டான். தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் முகத்தில் கரியைப் பூசவேண்டும் என்றுதான் முதல் ஈட்டிலேயே மெஷின் நிறைய முட்டை வைத்தாள்.

முட்டை பொரிக்க இருபத்தோரு நாள். பதினோராம் நாள் புயல் வந்தது. கரண்ட் கம்பத்தையெல்லாம் முறித்துப் போட்டுவிட்டுப் போனது. பேட்டரி ஒரு நாள் தாங்கியது. அதற்குப் பிறகு, திருவிழாவுக்கு ரேடியோ கட்டுகிற செம்மல்தான் கைகொடுத்தான். பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் ஊர் ஊராகத் தண்ணீர்த் தொட்டி நிரப்பப் போய்விட்டன, வாடகையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அவனிடம் இருந்த சின்ன ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்து, "வாடகையெல்லாம் வேணாங்க்கா. பெட்ரோல் மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றான். ஒரு மணி நேரம் ஓட்டுவாள். ஒரு மணி நேரம் நிறுத்தி, மெஷினைக் கம்பளியால் மூடி வைப்பாள். இப்படியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தொன்பதாம் நாள்வரை வந்துவிட்டாள். இன்னும் இரண்டே நாள்.

முந்தின நாள் டார்ச் வெளிச்சத்தில் ஒரு முட்டையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே நிழலாக ஒரு மூக்கு அசைந்தது. காதோடு வைத்தாள். கீச் என்று ஒரு சத்தம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. அதைக் கேட்ட பிறகு எப்படி விட்டுவிட முடியும்?

வீட்டில் இன்னொரு கவலையும் படுத்துக் கிடந்தது. நாகராசு தன் கையால் வைத்து வளர்த்த தென்னை நூற்று நாற்பது. புயல் விட்டுவைத்தது ஒன்பது. அன்று தோப்பைப் பார்த்துவிட்டு வந்து கட்டிலில் சுவரைப் பார்க்கப் படுத்தவன்தான், எழுந்திருக்கவில்லை. மரம் கணக்கெடுக்க ஆள் வந்தபோதும் எழவில்லை. சோறு வைத்தால் இரண்டு வாய் தின்பான். பேசினால் "ம்" என்பான். எதற்கெடுத்தாலும் வம்பு பேசுகிற மனுஷன். அவன் வாயைத் திறக்காதது அவளுக்குப் புயலைவிடப் பயமாக இருந்தது. பெட்ரோலுக்குப் போகிற நேரம் தவிர அவனைத் தனியே விடமாட்டாள்.

அன்று விடிந்ததும் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் பங்க்கில் கயிறு கட்டியிருந்தது. இரண்டாவதில் சரக்கு இருந்தது, பம்பு ஓட கரண்ட் இல்லை. விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு கறம்பக்குடி ரோட்டில் போய் மூன்றாவது பங்க்கில் வரிசையில் நின்றாள். இரண்டரை மணி நேரம். அவள் முறை வந்ததும் கேனை நீட்டினாள்.

"கேன்ல ஊத்த மாட்டோங்க. வண்டிக்கு நூறு ரூவாய்க்குத்தான்" என்றான் பங்க்காரப் பையன்.

"தம்பி, கோழிக்குஞ்சுப்பா..."

"கோழிக்குப் பெட்ரோலா?" என்று பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். 

நூறு ரூபாய்க்கு ஊற்றியது வீடு வந்து சேரவே பாதி தீர்ந்துவிடும். வழியில் ஒரு புளியமரத்தடியில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் கேட்ட காசைக் கொடுத்து இரண்டு பாட்டில் வாங்கி வந்தாள்.

செம்மல் அதை ஜெனரேட்டரில் ஊற்றிக் கயிற்றை இழுத்தான். ஐந்து நிமிடம் ஓடியது. இருமியது. நின்றது. திரும்ப இழுத்தான், ம்ஹூம். அடிப்பக்கத்தைக் கழற்றி உள்ளங்கையில் வடித்துப் பார்த்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, பாதி தண்ணிக்கா. நல்லாக் கலந்து வித்துருக்கான் பாவி. உள்ள வரைக்கும் எறங்கிருச்சு. ஆலங்குடிக்குக் கொண்டுபோய்க் கழட்டித் தொடைக்கணும். இன்னிக்கு ஆகாது."

"அவன் நல்லா இருப்பானா! அவன் குடிக்கிற கஞ்சியில மண்ணு விழ!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் செங்கமலம். கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. செம்மல் ஜெனரேட்டரை வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

மெஷினில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த கம்பளி, பழைய சேலை, சாக்கு எல்லாவற்றையும் போர்த்தினாள். பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். இனி செய்ய ஒன்றும் இல்லை என்று தோன்றியது. குஞ்செல்லாம் ஓட்டுக்குள்ளேயே குளிர்ந்து சாகப்போகிறது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கொல்லையில் ஒரு கோழி உயிர்போகக் கத்தியது. எட்டிப் பார்த்தாள். இருளாயி ஒரு சிவப்புக் கோழியைக் காலைப் பிடித்து வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, குடிக்கிற தண்ணிக்கே தட்டழியிறோம். கோழிக்குக் குளிப்பாட்டா?"

"ஊருணித் தண்ணிதான்டி. இந்தச் சனியன் அடையை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. பேய் மழையில முட்டையெல்லாம் நனைஞ்சு கூமுட்டையாப் போயி, நானே தூக்கி எறிஞ்சுட்டேன். இது வெறுங்கூடையில உக்காந்துகிட்டு, கிட்டப் போனாக் கொத்துது. முக்கி எடுத்தாத்தான் அடை தெளியும்."

"ஒன் கோழி மட்டுமா இப்படி இருக்கு?"

"ஊருக்கே அந்தக் கததான். ஐப்பசியில அடை வச்ச வீட்டுல எல்லாம் முட்டை போச்சு, கோழி மட்டும் உக்காந்துருக்கு."

செங்கமலம் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா! அந்தக் கோழிய முக்காத! கீழ வையி!"

இருளாயி பயந்துபோய்க் கோழியை விட்டாள். செங்கமலம் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஆனா, மெஷின்ல வச்ச முட்டைய கோழி ஏத்துக்குமாக்கா?"

"ஏன் ஏத்துக்காது?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "கோழி என்ன கம்பெனி பேரு பாத்தா உக்காரப் போவுது?"

திரும்பினாள். நாகராசு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு நாள் தாடி. கண் உள்ளே போயிருந்தது. ஆனால் பேசியது அவன்தான், அவன் வம்புதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பப் போய்ப் படுத்துவிடுவானோ என்று பயம்.

"வெதுவெதுன்னு தண்ணி வையி. மொதல்ல உசுரு இருக்கான்னு பாப்பம்" என்றான்.

சட்டியில் தண்ணீர் வைத்தாள். விரலை விட்டுச் சூடு பார்த்து, ஒரு முட்டையை மெதுவாக மிதக்கவிட்டான். வேலி தாண்டி வந்த இருளாயியோடு மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முட்டை சும்மா மிதந்தது. தண்ணீர் அடங்கியது. பிறகு, யாரும் தொடாமலே, முட்டை ஒரு பக்கமாக ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது.

"ஆத்தாடி! உள்ள உதைக்கிதுடி!" என்றாள் இருளாயி.

அதற்குப் பிறகு நாகராசுவைப் பிடிக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். எட்டு நாள் கதவைத் திறக்காத மனுஷன், வீடு வீடாகப் போய், "ஒங்க வீட்டுல அடைக்கோழி கெடக்கா?" என்று கேட்டால் யார்தான் இல்லையென்பார்கள்? கோழிக்கு இரண்டு குஞ்சு என்று செங்கமலம் பின்னாலேயே வாக்குக் கொடுத்துக்கொண்டு வந்தாள். கவலையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தாங்களே வந்தார்கள். பொழுது சாயும்போது பதினாலு கோழி சேர்ந்துவிட்டது. 

கூடை, பழைய பானை, ஓட்டை அண்டா எல்லாவற்றிலும் வைக்கோல் போட்டார்கள். வடக்கே இடி முழங்கியது. இடிக்கு முட்டை கெடும் என்று, சாய்ந்த கொட்டகையிலிருந்து ஆணிகளைப் பிடுங்கிக் கூடைக்கு ஒரு ஆணியும் ஒரு கரித்துண்டும் போட்டான் நாகராசு. ஒற்றைப்படையில்தான் அடை வைக்கவேண்டும் என்பதால், பெரிய கோழிக்குப் பதினைந்து, நடுத்தரத்துக்குப் பதிமூன்று, சின்னதுக்குப் பதினொன்று என்று எண்ணி எண்ணி வைத்தான். கோழிகள் முதலில் முறைத்தன. பிறகு சிறகை விரித்து, மூக்கால் முட்டையை ஒவ்வொன்றாக அடிவயிற்றுக்கு இழுத்துக்கொண்டன. அதைப் பார்த்ததும் செங்கமலத்துக்குத் தன் தலையிலிருந்து ஒரு கட்டு விறகை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

கடைசியில் ஒரு முட்டை மிஞ்சியது.

"இருளாயி அக்கா கோழிக்கிட்டப் பதினாறா வச்சிருவோம்" என்றாள்.

"ரெட்டப்படையில அடை வைக்கிறதா? ஒனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்று சீறினான் நாகராசு. அவன் திட்டுவதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அப்ப அத என்ன பண்றதாம்?"

அவன் யோசித்தான். தோளில் கிடந்த துண்டில் முட்டையைச் சுற்றி, வயிற்றோடு ஒட்டவைத்து, மேலே வேட்டியை இறுக்கிக் கட்டினான். நாற்காலியில் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் முழுதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். படுக்கவில்லை. சாய்ந்து உட்காரவும் பயம். நாகராசு அடைக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று சேதி பரவி, ஊர் ஆண்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். எல்லாரும் தோப்பைப் பறிகொடுத்தவர்கள்தான்.

"என்ன மாப்ள, எத்தன நாளைக்கு?" என்று ஒருவர் அருகில் வந்தார்.

"கிட்ட வராதீங்க மாமா, கொத்திருவேன்" என்றான் நாகராசு.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்த வாசலில் ஒன்பது நாளைக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. உள்ளே அடுப்படியில் நின்ற செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபத்தோராம் நாள் விடிந்தபோது இருளாயியின் சிவப்புக் கோழிக்கடியிலிருந்து முதல் கீச் கேட்டது. அடுத்த கூடையில் ஒன்று. அதற்கடுத்ததில் மூன்று. வெயில் ஏறுவதற்குள் பின்னறையே சந்தையாகிவிட்டது. பதினாறு முட்டை பொரிக்கவில்லை. மற்றதெல்லாம் ஈரச் சிறகோடு தாயின் அடியில் முண்டிக்கொண்டிருந்தன. செங்கமலம் கூடை கூடையாகக் குனிந்து பார்த்து, பார்த்ததையே திரும்பவும் பார்த்தாள்.

அந்த நேரத்தில் செம்மல் வண்டியில் பறந்து வந்தான். பின்னால் சரிபண்ணிய ஜெனரேட்டர், கையில் கேன்.

"அக்கா! கீரமங்கலத்துக்கு லாரி வந்துருச்சு! போர்டு வெலைக்கே ஊத்துறாங்க, கேன்லயும் குடுக்குறாங்க! அஞ்சு லிட்டரு!"

"சத்தம் போடாதடா!" என்று கையைத் தூக்கினான் நாகராசு. அவன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டுக்குள் முட்டையின் ஓடு விரிந்து, ஒரு சின்ன மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

குஞ்சு வெளியே வந்து காய மத்தியானம் ஆனது. அதைச் சிவப்புக் கோழியோடு சேர்த்துவிடப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. நாகராசு நடந்தால் கீச் கீச்சென்று அவன் காலுக்குப் பின்னால் ஓடியது. அவன் நின்றால் நின்றது. தாய் யார் என்று அது முடிவு பண்ணிவிட்டது, அதனிடம் யார் பேச?

மறுநாள் காலை செம்மலின் பெட்ரோல் கேன் வாசலில் அப்படியே இருந்தது. நாகராசு அதைப் பார்த்தான்.

"இனிமே இது ஒனக்கு வேணுமா?"

"மெஷினு சும்மாத்தான் கெடக்கு" என்றாள் செங்கமலம்.

கேனைத் தூக்கிக்கொண்டு, பெட்ரோல் ரம்பத்தால் மரம் அறுக்கிற ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு, அவன் தோப்புப் பக்கம் நடந்தான். புயலுக்குப் பிறகு அங்கே கால் வைக்காதவன். பின்னாலேயே குஞ்சு ஓடியது. வரப்பில் ஏறியவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"இந்தா, செங்கமலம்! இத இங்கிட்டு வந்து புடிச்சுக்கிட்டுப் போ! மரத்த அறுத்துத் தள்ளிட்டுக் குழி வெட்டணும். கன்னு வைக்க வேணாமா? கால்ல மிதிபட்டுறப் போவுது!"

"வாரேன், வாரேன்" என்று குரல் கொடுத்தாள் செங்கமலம். ஆனால் உடனே போகவில்லை. கண் நிறைந்து வழி தெரியவில்லை, துடைத்துக்கொண்டுதான் போனாள்.