வடிஞ்சதும் போலாம்

அந்த டிசம்பர் புயலில் புகுந்த வெள்ளம் ராயபுரம் முழுக்க வடிந்தது; பாய்மரக்காரன் சந்தில் ஜஹாங்கீர் வீட்டில் மட்டும் வடியவில்லை. முட்டிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது, நின்றபடியே இருந்தது. கதவை விரியத் திறந்து வைத்தாலும் நிலைப்படியோடு நின்றுகொண்டது, சந்துக்குள் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கவில்லை. வார்டு ஆட்கள் டீசல் மோட்டார் கொண்டுவந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் சந்து வழியே ஓடிக் கால்வாயில் விழுந்தது, வீட்டுத் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது, மோட்டார்தான் சூடேறி நின்றுபோனது. கொசு மருந்து அடிக்க வந்தவர் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்துவிட்டு, புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, நல்ல தண்ணி என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அலுப்பில், மே மாத வெயிலுக்கு அந்த நிலைப்படியில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொண்டு வெற்றிலை போடுவாள். தண்ணீர் நிற்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதா என்ன? கொஞ்சம் அதிக நாள் நிற்கிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம்.

காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் முதலில் கட்டிலுக்குச் செங்கல் வைப்போம். பிறகு ஃபிரிட்ஜை மேஜைமேல் ஏற்றுவோம், கேஸ் சிலிண்டரை ஜன்னலோடு சேர்த்துக் கட்டுவோம், அப்புறம் எல்லாரும் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்போம்: வடிஞ்சிடும். வருஷா வருஷம் சொல்கிறோம், வருஷா வருஷம் வடிந்தும் இருக்கிறது. அதனால்தான் வந்தது வினை. அந்தப் புயலில் ஜஹாங்கீரின் மனைவி கௌசருக்கு வயிற்று வலி கண்டது. வாயு என்று அவளே ஓமத் தண்ணீர் காய்ச்சிக் குடித்தாள். மறுநாள் வலி அடிவயிற்றில் வலப்பக்கம் இறங்கி, அவள் கட்டில்மேல் நண்டு மாதிரி சுருண்டாள். ஆட்டோக்காரர்கள் கல்மண்டபம் வரைக்கும்தான் வருவோம் என்றார்கள், ஆம்புலன்ஸும் அங்கேயேதான் நின்றது. சந்து முனையில் தண்ணீர் மார்பு மட்டம். ஜஹாங்கீர் துறைமுகத்தில் நாற்பதடி டிரெய்லர் ஓட்டுகிறவன். வாழ்நாளெல்லாம் வண்டியிலேயே இருந்தவனுக்கு அன்றைக்குப் பெண்டாட்டியை ஏற்ற ஒரு வண்டி இல்லை. கதவைத் திறந்து பார்த்தான், மூடினான், திரும்பி வந்து அவள் தலையைத் தடவி, "கொஞ்சம் பொறுத்துக்க கௌசர், வடிஞ்சதும் போலாம்" என்றான். "சரி, வடிஞ்சதும் போலாம்" என்று அவளும் சொன்னதை ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்னியம்மா கேட்டாள். விடிந்து காசிமேட்டுப் பையன்கள் ஃபைபர் படகைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது கௌசர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று, வழக்கம்போல, எல்லாம் வடிஞ்சிடும் பாய் என்றார்கள். ஒவ்வொரு தடவை அந்தச் சொல் விழும்போதும் தண்ணீர் ஒரு விரல் ஏறியது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஊரே வந்து ஊரே அதைச் சொல்ல, கட்டில் விரிப்பு நனைந்தது. ஜஹாங்கீரின் மகள் ஃபரா, பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவள், அதற்குப் பிறகு வாசலிலேயே நின்று, வருகிறவர்களிடம் அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லி உள்ளே விட்டாள். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், அவர்கள் போனதும் தண்ணீர் தன் பழைய மட்டத்துக்கு இறங்கிவிடும், அதற்குக் கீழே மட்டும் இறங்காது.

அடுத்த வருஷம் ஜஹாங்கீர் ஒரு வண்டி வாங்கினான். பட்டாளத்தில் மலையேறி, பிறகு எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் மூட்டை சுமந்து, கடைசியாகத் திருவொற்றியூரில் ஒரு காயலான் கடைப் பின்புறத்தில் பானெட்டுக்குள் வேப்பங்கன்று முளைக்கக் கிடந்த பழைய ராணுவ லாரி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜாதி. அவன் வீடு முன்காலத்தில் மரக்கிடங்கு, லாரி நுழைகிற அகலத்துக்குக் கதவு உண்டு. கயிறு கட்டி இழுத்து வந்து கூடத்தில், தண்ணீருக்கு நடுவிலேயே நிறுத்தினான். வேலைக்கு இக்னேஷியஸ் வந்தான். விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துக் கோக்கிறவன், தண்ணீரில் நின்று வேலை செய்து பழகியவன், கூலி பேசும்போது மட்டும் கரையேறிவிடுவான். பெட்ரோல் குடிக்கும் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, உடைக்கப் போன ஒரு விசைப்படகின் டீசல் இன்ஜினை அதில் உட்கார வைப்பது என்று முடிவானது. அந்த இன்ஜினின் சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. "பாய், போர் போட்டே ஆவணும்" என்று இக்னேஷியஸ் உள்ளேயிருந்து கத்தியது சந்து முழுக்கக் கேட்டது. "வூட்டுக்குள்ள முட்டி மட்டும் தண்ணி நிக்குது, இவனுங்களுக்கு போர் வேற வேணுமாம்" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். லேத்துக்கு எடுத்துப் போய்ச் சிலிண்டரைக் கடைந்து வருவதற்குத்தான் அந்தப் பெயர் என்று அவளுக்கு விளங்க வைப்பதற்குள் இக்னேஷியஸுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

இரும்பு தண்ணீரில் கிடந்தால் துருப்பிடிக்கும். அந்த வீட்டில் அது மாறி நடந்தது. எந்த ஸ்பேனருக்கும் அசையாத போல்டுகளை ராத்திரி தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் விரலால் கழற்ற வந்தன. சேஸிஸின் துரு செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே இருந்த இரும்பு புதுப் பாத்திரம் போலத் தெரிந்தது. கௌசர் உயிரோடு இருந்தபோது வீட்டில் கறை என்று ஒன்று இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. புளியும் சாம்பலுமாகத் தேய்த்துத் தேய்த்தே விரல் நுனி வெளுத்தவள். "அம்மா தேய்ச்சி குடுக்குறாங்க அத்தா" என்று ஃபரா ஒரு காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னாள். ஜஹாங்கீர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வரவில்லை. தண்ணீரில் படுத்துக்கொண்டு அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பான், ஆனால் சத்தம் கேட்டது.

வண்டி தயாரானது. தயாரானதோடு நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. அடியில் ஸ்பிரிங் பட்டைகள் சேர்த்து வண்டியின் உடம்பை உயர்த்தினார்கள். இன்ஜின் மூச்சு வாங்கும் குழாயைக் கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு மேலே கொண்டுபோனார்கள், புகைக்குழாயையும் பக்கத்திலேயே ஏற்றிவிட்டார்கள், ஒயர்களையெல்லாம் டிரைவர் தலைக்கு மேலே மாற்றினார்கள். பின்னால் ஒரு கட்டில் பிடிக்கிற அளவுக்கு இடம் விட்டு, நான்கு மூலையிலும் கொக்கி பற்றவைத்தார்கள். கழுத்தளவு தண்ணீரிலும் போகும் என்று இக்னேஷியஸ் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். ஜஹாங்கீர், இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றான். ஒரு டிசம்பர் போயிற்று, இன்னொரு டிசம்பரும் போயிற்று. மழை வந்தது, சந்தில் கணுக்கால் அளவு நின்று போனது. இந்தத் தண்ணிக்கு எதுக்கு வண்டி என்று அவன் மறுபடி ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பூட்ட உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னால் பயம். கௌசருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றாமல் அவனால் இருக்க முடியவில்லை; நிறைவேற்றிவிட்டால் தண்ணீர் போய்விடும், தண்ணீரோடு அவளும் போய்விடுவாள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நட்டு போல்ட் முறுக்கிக்கொண்டு கிடந்தான்.

இதைப் பொறுக்கமாட்டாமல் போட்டு உடைத்தவள் ஷரீஃபுன்னிசா, ஜஹாங்கீரின் அக்கா. ஏப்ரல் மாதம், தார் உருகுகிற வெயில், டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சேலையை முட்டிக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள், தம்பி வண்டிக் கூரைமேல் உட்கார்ந்து லைட் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இன்னும் இன்னாடா பாக்கி?"

"மழை வரட்டும்க்கா. தண்ணி ஏறட்டும். அப்ப எடுக்குறேன்."

"மழை எதுக்குடா? போலாம்னு நீ சொன்னத நம்பிகினு அவ கெடக்குறா. நீ லைட்டு மாட்டிகினு கீற. அன்னிக்கு தண்ணி வடியட்டும்னு நீ குந்திகினு இருந்த. இன்னிக்கு நீ கெளம்புவேன்னு தண்ணி நின்னுகினு கீது. பேஜார் புடிச்சவனே, எறங்கி வண்டிய எடுறா!"

கூடத்தில் இருந்த தண்ணீர் முழுக்க ஒருதரம் சிலிர்த்ததை ஃபராவும் இக்னேஷியஸும் பார்த்தார்கள். ஜஹாங்கீர் கூரையிலிருந்து இறங்கினான். கௌசரின் கட்டிலைச் செங்கல்மேலிருந்து எடுத்து வண்டியில் ஏற்றிக் கொக்கியில் கட்டினான். ஃபரா நீலப்பூப் போட்ட விரிப்பை விரித்து, தலையணையையும் வைத்தாள். அத்தையும் மருமகளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இக்னேஷியஸ் முன்னால் ஏறிக்கொண்டான். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது.

வண்டி நிலைப்படியைத் தாண்டியதும் தண்ணீரும் தாண்டியது. சந்து காய்ந்து கிடந்தது, கன்னியம்மா கருவாடு காயப் போட்டிருந்தாள். வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் வெள்ளம் கூடவே நகர்ந்தது. முன்னாலும் புழுதி, பின்னாலும் புழுதி. கருவாட்டின்மேல் ஒரு துளி படவில்லை. அந்தப் புயலன்று எந்த இடத்தில் எவ்வளவு நின்றதோ அந்தந்த இடத்தில் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. சந்து முனையில் மார்பு மட்டம். கல்மண்டபம் சாலையில் கொஞ்சம் இறங்கியது. துறைமுகத்துக்கு வரிசையில் நின்ற டிரெய்லர் டிரைவர்கள் ஜஹாங்கீரைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டு, இன்ஜினை அணைத்தார்கள், ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ரயில் பாலத்துக்கு அடியில்தான் சோதனை. அங்கே தண்ணீர் பானெட்டை மூடிக் கண்ணாடி வரை வந்தது. பக்கத்தில் சைக்கிளில் போனவர் நனையாமல் போய்க்கொண்டிருந்தார், வண்டியோ மூழ்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஒருதரம் திணறியது. "விட்டுறாத பாய், மிதிச்சிகினே இரு, மேல மூச்சு வாங்குது" என்று இக்னேஷியஸ் குழாயைக் காதால் பார்த்துக்கொண்டே சொன்னான். ஜஹாங்கீர் மிதித்தான், வாயில் அவள் பெயரைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. பின்னால் கட்டிலின் விரிப்பு நனையவில்லை. தலையணையில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்ததை ஃபரா பார்த்தாள், யாரிடமும் சொல்லாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் வண்டி நின்றதும் தண்ணீர் தணிந்து, கணுக்கால் அளவாகி, காத்திருந்தது. டியூட்டியில் இருந்த நர்ஸ் ஐரீன் வெளியே வந்தாள். வண்டியையும் பார்த்தாள், தண்ணீரையும் பார்த்தாள். வட சென்னை அவசரப் பிரிவில் இருப்பவள் எதைத்தான் பார்க்கவில்லை.

"பேஷண்ட் பேரு?"

"கௌசர்."

"இன்னா பண்ணுது?"

"வயித்து வலி. அடிவயிறு, சோத்துக்கை பக்கம்."

"எப்பலேர்ந்து?"

"பொயல் அன்னிலேர்ந்து."

ஐரீன் முகம் மாறியது. "படிச்சி படிச்சி சொல்றோம், கேக்கவே மாட்டீங்களா? இவ்ளோ நாள் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"தண்ணி வடியட்டும்னு இருந்தோம்மா" என்றான் ஜஹாங்கீர்.

அவள் ஸ்ட்ரெச்சரைத் தானே இழுத்து வந்து நிறுத்தினாள். தண்ணீர் வண்டியை விட்டுப் பிரிந்து, சரிவில் மேல்நோக்கி ஏறி, ஸ்ட்ரெச்சர் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு அதோடு உள்ளே போனது. கூட வந்தவங்க வெளியே இருங்க என்று ஐரீன் சொன்னாள், கதவு மூடியது. ஜஹாங்கீர் மற்ற பேஷண்டுகளின் ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்தான். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தான். சாயங்காலம் ஐரீன் வெளியே வந்து, நீங்க வூட்டுக்குப் போங்க பாய், இனிமே நாங்க பாத்துக்குறோம் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, பாலத்துக்கு அடியில் காய்ந்த சாலை வழியாக வண்டியை ஓட்டி வந்தான். வீட்டுக் கூடம் உலர்ந்திருந்தது. சுவரில் முட்டி உயரத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அன்றைக்கு அவன் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்துத் தூங்கினான். அந்தக் கோட்டின்மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று பிறகு ஃபராவிடம் சொன்னான்.

அந்த வருஷம் டிசம்பரில் நிஜமான புயல் வந்தது, சந்து முனையில் மறுபடி மார்பு மட்டம். கன்னியம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ பழக்க தோஷத்தில், வடிஞ்சி, என்று வாயெடுத்தார்கள். சொல் முடிவதற்குள் மரக்கிடங்கின் கதவு திறந்து வண்டி வெளியே வந்தது. ஐயோ என் மீன் கூடை, என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்த கன்னியம்மாவை இறக்கியபோது ஐரீன்தான் டியூட்டியில் இருந்தாள். ஜஹாங்கீரை அடையாளம் கண்டுகொண்டு, "இந்த தபா நேரத்துக்கு வந்துட்டீங்க பாய்" என்றாள். இரண்டு நாளில் எல்லார் வீட்டுத் தண்ணீரும் வடிந்தது, ஜஹாங்கீர் வீட்டிலும்.