கரியில் படிந்த வழவழப்பு

கிசுமு நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரை ஆஸ்பத்திரி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை; குடியிருப்பதும் அதன் பக்கத்திலேதான். நோயாளிகள் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு மூத்திரத்தோடு இங்கே வந்துவிடும். மக்காச்சோளச் சக்கையைச் சுட்ட கரியைக் கூடைகளில் போட்டுத் தொட்டிக்குள் இறக்கியிருக்கும்; அது மருந்தைப் பிடித்து வைக்கும். கரிமேல் வழவழவென்று படிந்திருக்கும் பாக்டீரியா அதைத் தின்னும். அப்புறம்தான் தண்ணீர் ஏரிக்குப் போகும். நான் பேசுவதும் அந்தப் பாக்டீரியாவோடுதான். வேறு யார் இருக்கிறார்கள்? என் புருஷன் ஒயூகி செத்ததிலிருந்து ஒரு ஜீவன் என் வாசலை மிதித்ததில்லை.

மாதக் கடைசியில் அதிகாரிகள் தண்ணீரைச் சோதிக்க வருவதாக இருந்தது. தேறாவிட்டால் தொட்டியை மூடி, என்னையும் அனுப்பிவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் அலுவோச் வந்தாள், என் சக்களத்தி. சாவு வீட்டுக்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை. கையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த மீன். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. உகாலிக் களி கிண்ட மக்காச்சோள மாவு வாங்கச் சந்தைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால், கரிக்கூடைகள் எல்லாம் பளபளவென்று வெயிலில் காய்கின்றன. ஒரே ப்ளீச்சிங் நாற்றம்.

“தண்ணிப் பானையில வழவழப்பு இருந்தா வீட்டுக்காரி சோம்பேறின்னுதானேக்கா ஊரு சொல்லும்? பெரிய மனுஷங்க வர்றப்ப உன் மானம் போகலாமா? எல்லாத்தையும் வழிச்சுட்டு, ப்ளீச்சிங் போட்டுத் தேச்சுட்டேன். வழிச்சது வாளியில இருக்கு, என் கீரைக்கு உரமாகும்” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

மாவுப் பையைக் கீழே போட்டேன். “அடிப்பாவி! அந்த வழவழப்புதாண்டி என் பொழப்பு! புருஷனைப் பங்கு போட்டது பத்தலையா, இதையும் அழிக்க வந்தியா?”

“நல்லதுன்னு நெனச்சேன்க்கா.” வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

விடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ப்ளீச்சிங் படுமுன் வழித்ததல்லவா, உயிர் இருக்குமே! கூடைகளை நாற்றம் போக அலசிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

வாளி நிரம்பியபடியே இருந்தது. கீரைக்கு ஒரு கை கூடப் போடவில்லை.

“இதுக்காகத்தானே வந்த?” என்றாள்.

“ஆமா.” வேறென்ன சொல்லவேண்டும் என்று தெரிந்தும் பாழாய்ப்போன நாக்கு எழவில்லை. எங்கள் பக்கம் ஆகாதவர்கள் வந்தால்கூட, உட்காரு, டீ குடி என்பார்கள். அவள் சொல்லவில்லை.

வாளியைத் தூக்கி வந்து, வழித்ததையெல்லாம் கரிமேல் திரும்பப் பூசித் தொட்டியில் இறக்கினேன். மாதக் கடைசியில் தண்ணீர் தேறிவிட்டது. அதிகாரி என் கையைக் குலுக்கினார். கரியில் மறுபடி வழவழப்பு கனமாகப் படிந்திருக்கிறது. நாள் முழுக்க அதோடு பேசுகிறேன். அவள் மீன் கொண்டுவந்த தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டாவது வருவாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.