இரண்டு சொற்கள்

மகள் வேதாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது, பல நாளாகப் படுக்கையில் கிடந்த அம்மா மறுபடியும் அந்த இரண்டு சொற்களைச் சொன்னாள். மகள் வாசிப்பதை நிறுத்தி, அவள் நெற்றியைத் தடவி, "ஆமென், அம்மா" என்றாள்.

விடிந்ததிலிருந்து அம்மா வீட்டில் பேசும் பாஷையை விட்டுவிட்டாள். பக்கவாதத்தில் கோணிப்போன வாயிலிருந்து வந்ததெல்லாம் பிறந்த மலையின் பாஷை. மகளுக்கு அது தெரியாது. சின்ன வயதில், பள்ளிக்கூட வாசலில் ஒருநாள் அம்மா அந்தப் பாஷையில் கூப்பிட, தோழிகள் சிரித்துவிட்டார்கள். "இங்க அப்படிப் பேசாதம்மா, அசிங்கமா இருக்கு" என்றாள் மகள். அதன்பின் அம்மா அவளிடம் வீட்டுக்குள்கூட அந்தப் பாஷையில் வாய் திறக்கவில்லை.

பின்னாளில் வேதாகம மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், மலைக்காரியின் மகள்தானே, பாஷை தெரிந்திருக்கும் என்று நம்பிப் பிழை திருத்தும் வேலை கொடுத்தார்கள். தெரியாது என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பாஷைக்கும் எழுத்து நம் தமிழ் எழுத்துதான். கைப்பிரதியையும் அச்சையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க அர்த்தம் தேவைப்படவில்லை. புத்தகம் அச்சாகி வந்த அன்று, ஒரு பிழைகூட இல்லை என்று மேடையில் அவளுக்குச் சால்வை போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். அம்மா கண் கலங்கியபோதெல்லாம் வசனம் உள்ளே இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒருமுறை மட்டும் சந்தேகம் தட்டியது. புத்தகத்தை மொழிபெயர்த்த மலைக்காரருக்குப் போன் போட்டால் அவர் நொடியில் சொல்லிவிடுவார். ஆனால், "ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பார். எடுத்த போனைக் கீழே வைத்தாள். நலம் விசாரித்த போதகரிடம், அம்மா தன் பாஷையில் ஜெபித்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னாள்.

பொழுது சாயும்போது அம்மா போய்விட்டாள்.

மறுநாள் காலை மலையிலிருந்து தாய்மாமன் வந்து இறங்கினார். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தவரிடம் அவள் தண்ணீர் கொண்டுபோனாள். தயங்கித் தயங்கி, காதில் விழுந்தபடியே அந்த இரண்டு சொற்களையும் சொல்லி, என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

மாமா நிமிர்ந்தார். "யாரு சொன்னது?"

"அம்மாதான். நேத்து முழுக்க."

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "முதுகு எரியுது, ஒருக்களிச்சுப் படுக்க வைன்னு கேட்டிருக்கா."

இறந்த அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்கள் முதுகிலிருந்த படுக்கைப் புண்ணைப் பார்த்து 'ச்சு' கொட்டியது அவளுக்கு நினைவு வந்தது.

"நீ என்னம்மா சொன்னே?"

"ஆமென்னு சொன்னேன் மாமா."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

அடக்க ஆராதனையில் போதகர், தாய்மொழியில் வேதம் கேட்டபடியே கண்மூடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார். முன்வரிசையில் விசும்பல் கேட்டது. மகளே ஒரு பகுதியை அந்தப் பாஷையில் வாசிக்கட்டும் என்று புத்தகத்தை நீட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டாள்.

குரல் உடையவில்லை. ஓர் எழுத்தும் பிசகவில்லை. அந்தக் கூட்டத்தில் அது புரிந்தவர்கள் இரண்டே பேர். மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். மாமா குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.