விரலுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. உடைந்த அலைபேசித் திரையை மாற்றக் கொடுத்துவிட்டு, கடை முக்காலியில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் காதில் விழுந்தது. சொன்னவர் அந்தக் கடையின் பழுதுபார்ப்பவர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமலே ஆரம்பித்தார்.

"எங்க அக்கா வீட்டுல போன சனிக்கிழமை ஒண்ணு நடந்துச்சுங்க. யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்கு மண்டையே வெடிச்சிடும்."

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதிய வரி: 'கூடத்து மூலையில் அந்த வைஃபை பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு ஊமையாக'. அங்கேயே நிறுத்திவிட்டேன். பேச்சுப் போன ஒருவர் கதைக்குள் வரப்போகிறார். பெட்டியையும் ஊமையாக்கினால் என் கெட்டிக்காரத்தனம் பல்லிளித்துவிடும்.

இரண்டாவதாக எழுதியது: 'வைஃபை பெட்டியின் கடவுச்சொல் மறந்துபோனால் செய்ய வேண்டியது மிகச் சுலபம்.' இது உண்மை. பெட்டியின் முதுகில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை இருக்கும். உள்ளே விட்டுப் பத்து வினாடி அழுத்தினால் பழைய கடவுச்சொல் அழிந்து, பெட்டி புதிதாகப் பிறந்ததுபோல் ஆகிவிடும். புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வரியோடு கதையும் முடிந்துவிடுகிறது. அது முடியாமல் போனதற்கு அக்காதான் காரணம்.

2

அக்காவுக்கு நான் பெயர் வைக்கவில்லை. பழுதுபார்ப்பவர் 'அக்கா' என்றே சொன்னார். எனக்கும் அதுவே பழகிவிட்டது. அவரை இனி தம்பி என்கிறேன். நாற்பது வயதுத் தம்பி.

அக்கா மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். முதல் எழுத்து இருக்கும், கடைசியில் ஒரு வால் இருக்கும், நடுவில் வெறும் கோடு இழுத்திருக்கும். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகச் சரியான அலமாரிக்குப் போவாள்.

அவள் கணவர் நீதிமன்றத்தில் தட்டச்சர். இருபத்தாறு வருடம் மற்றவர்கள் பேசியதை அடித்தவர். "காதுல நுழையும், விரல் வழியா வெளிய போயிடும். நடுவுல நான் கிடையாது" என்பாராம். மூன்று மாதத்துக்கு முன், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: ஆட்சேபணை.

தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆட்சேபணை. போதும் என்றாலும் ஆட்சேபணை. மகள் விடுதியிலிருந்து வந்து கட்டிக்கொண்டு அழுதபோது அவள் முதுகைத் தடவியபடி, அவ்வளவு மென்மையாக, ஆட்சேபணை.

(கேட்கும்போதே மனதுக்குள் அக்காவைப் பொறுமையின் வடிவமாக எழுதியிருந்தேன். கடையில் அதை வாய்விட்டுச் சொன்னபோது தம்பி பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டே சிரித்தார். "யாரு, எங்க அக்காவா? கோபம் வந்தா கரண்டி பறக்கும்ங்க." ஆகவே, பொறுமையை அடித்துவிட்டேன்.)

3

தட்டச்சரின் அலைபேசி அவரோடு சேர்ந்து விழுந்து நொறுங்கிப்போனது. வீட்டுக் கணினி அதற்கு முன்பே படுத்துவிட்டது. அக்காவின் அலைபேசி அந்தச் சனிக்கிழமை காலை பாத்திரம் துலக்கும் தொட்டியில் முங்கி உயிரை விட்டது. மாலை ஐந்து மணிக்குப் பேச்சுப் பயிற்சியாளர் காணொளியில் வருவார். வாரத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு நேரம். தம்பியின் அலைபேசியில் பேசலாம் என்றால், கோபுரத்தின் சிக்னல் அந்த வீட்டில் உப்பரிகையைத் தாண்டி உள்ளே வராது. தம்பி கடையிலிருந்து ஒரு பலகைக் கணினி கொண்டுவந்தார். அது வைஃபையின் கடவுச்சொல்லைக் கேட்டது.

கல்யாண நாளை அடித்தார்கள். மகள் பிறந்த நாளை அடித்தார்கள். வீட்டு எண், தெருப் பெயர், தட்டச்சரின் அலுவலக எண். எதற்கும் மசியவில்லை. மகளைக் கேட்கலாம் என்றால், விடுதியில் அலைபேசிக்கு அனுமதி இல்லை.

தம்பி சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

"அழிக்காதடா."

"அக்கா, பத்து செகண்டு வேலை."

"அது அவர் யோசிச்சு வச்ச வார்த்தைடா. நல்லா இருந்தப்ப வச்சது. அவர் தலையிலிருந்து வந்ததுன்னு இந்த வீட்டுல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அத அழிச்சுட்டு நீ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வைப்பியா?"

"சரி, நாலரை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் ஊசிதான்."

ஒருமுறை அவள் கணவரிடமே கேட்டிருக்கிறாள், பக்கவாதத்துக்கு முன். "அப்படி என்னங்க வச்சிருக்கீங்க?" அவர் சிரித்தார். "எனக்கே சொல்லத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்."

அதில் விளையாட்டு எதுவும் இல்லை. அவர் ஒரு தமிழ் வார்த்தையைத் தமிழ் விசைகளில் அடித்திருந்தார், பெட்டியோ அதை ஆங்கில எழுத்துகளாக வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் பார்த்தால் பொருளில்லாத குப்பை. எந்தத் திருடனாலும் ஊகிக்க முடியாது. எந்த மனைவியாலும்தான்.

4

இங்கே நான் மெதுவாகப் போகிறேன். மிகைப்படுத்தாமல் எழுதப் பார்க்கிறேன்.

தேநீர் வைக்க மேசையில் இடம் வேண்டியிருந்தது. அக்கா அங்கே கிடந்த விசைப்பலகையை எடுத்து, போகிறபோக்கில், நாற்காலியில் இருந்த கணவரின் மடியில் வைத்தாள். பலகைக் கணினியோடு தம்பி இணைத்திருந்த விசைப்பலகை அது. எதிரே திரையில் கடவுச்சொல் கட்டத்துக்குள் கோடு விட்டு விட்டுத் தெரிந்தது.

தட்டச்சரின் இடக்கை எழுந்தது. விசைகள்மேல் போய் உட்கார்ந்தது. ஒரு விசை. ஒரு சின்ன நிறுத்தம். ஒரு விசை. இன்னும் கொஞ்சம் நீண்ட நிறுத்தம். இரண்டு விசை. நிறுத்தம். ஒரு விசை.

"அக்கா, அத்தான் என்னமோ அடிக்கிறாரு!"

தவறு என்றது திரை. கட்டத்தைத் துடைத்தார்கள். கை மறுபடியும் அடித்தது, அதே ஐந்து விசை, அதே நிறுத்தங்கள். மூன்றாம் முறையும் அச்சு மாறாமல் அப்படியே. முகத்தில் எந்த யோசனையும் இல்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(மருத்துவப்படி இது நடக்குமா என்று கேட்பீர்கள். நான் மருத்துவரில்லை. கேட்டதை எழுதுகிறவன்.)

தம்பி உப்பரிகைக்கு ஓடிப்போய், தமிழ் விசைப்பலகையின் படத்தைத் தன் அலைபேசியில் இறக்கிக்கொண்டு வந்தார். அடித்த ஐந்தையும் அதில் பார்த்தார்கள். ஐந்தும் உயிரெழுத்து.

அவர் பழகிய விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம் இருக்கின்றன; மெய்யெழுத்துகள் வலப்பக்கம். (வ, ங என்று இரண்டு மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். புள்ளியும் இடப்பக்கம்தான்.) இடக்கை உயிரை அடிக்கும். வலக்கை மெய்யை அடிக்கும். அவருடைய வலக்கைதான் விழுந்துவிட்டதே.

உயிர் வந்துவிட்டது, மெய் வரவில்லை. இதை நான் ஜோடித்திருந்தால் வெட்கப்பட்டு அழித்திருப்பேன். யாரோ என்றைக்கோ, வேகமாக அடிக்க வசதியாக இருக்கட்டும் என்று வகுத்த விசை வரிசை இது. அந்தக் கூடத்தில் அது இப்படி வந்து நிற்கும் என்று எவர் நினைத்திருப்பார்?

5

அக்கா கிறுக்கல் படிக்கிறவள் என்றேன் அல்லவா? நடுவில் எழுத்தில்லை என்பதற்காக அவள் எந்தச் சீட்டையும் திருப்பி அனுப்பியதில்லை.

தரையில் மண்டியிட்டு அவர் வலப்பக்கம் உட்கார்ந்தாள். விழுந்த கையைத் தூக்கி, விரல்கள் எந்தெந்த விசைமேல் வழக்கமாக இருக்குமோ அங்கே வைத்தாள். அது நழுவியது. தன் கையை அதன் அடியில் கொடுத்து, விரலுக்கு விரல் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அடிங்க."

இடக்கை ஒன்று அடித்தது. நின்றது.

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"என்னக்கா?"

"பேசாதடா."

மூன்று மாதமாக அந்தக் கையைத் தேய்த்திருக்கிறாள், மடக்கி நீட்டியிருக்கிறாள், கோபத்தில் கிள்ளியும் இருக்கிறாள். ஒரு பதிலும் வந்ததில்லை. இப்போது அவளுடைய ஆள்காட்டி விரலின்மேல் ஏதோ ஒன்று அழுந்தியது. (அழுந்தியது என்பது பெரிய வார்த்தை. ஈ வந்து உட்கார்ந்தது என்று எழுதினேன், ஈகூட அதிகம். மூச்சு வாங்குகிற குருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் தெரியுமே, அதில் பாதி.) இடக்கை அடுத்ததை அடித்தது. நின்றது. இந்த முறை சுண்டுவிரல். அப்புறம் நடுவிரல்.

"எழுதிக்கோ. ஆள்காட்டி. சுண்டு. நடு…"

தம்பி கடை ரசீது ஒன்றின் முதுகில் எழுதினார். ஐந்து உயிர், நிறுத்தங்களில் ஒன்றும் இரண்டுமாக மொத்தம் ஆறு அழுத்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு விரல். விசைப்பலகைப் படத்தின்படி நடுவிரலுக்கு ன, ம. மோதிர விரலுக்கு ட, த. ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் ஆறாறு எழுத்து. அக்கா ரசீதைக் கையில் வாங்கி, மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான்கு முறை அடித்துப் பார்த்தாள். நான்கும் தவறு.

மணி நாலே முக்கால். தம்பி ஊசியை மறந்தே போயிருந்தார்.

ஐந்தாம் முறை, அடிப்பதற்கு முன்பே அவள் முகம் மாறிவிட்டது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரசீதைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பதினோரு விசை அடித்தாள்.

பெட்டி வழிவிட்டது.

6

அந்த வார்த்தை என்ன?

நேற்று இரவு முழுக்க அதற்கு விடை எழுதிப் பார்த்தேன். அக்காவின் பெயர் என்று எழுதினேன். ஜீரா ஒழுகியது, துடைத்துவிட்டேன். வேறொரு பெண்ணின் பெயர் என்று எழுதினேன். அந்த மனிதருக்கு நான் செய்கிற துரோகமாகப் பட்டது. 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினேன். பெட்டி மூடிபோல் கச்சிதமாகப் பொருந்தியது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

தம்பியைக் கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க. காட்டவே மாட்டேன்னுட்டா" என்றார். "சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுட்டு, அத்தான் தலையில நறுக்குன்னு ஒரு குட்டு வச்சா. 'இத்தன வருஷமா இதுதானா?'ன்னா. அவரு ஆட்சேபணைன்னாரு."

எனக்கு இது போதும். உங்களுக்குப் போதாதென்றால், அக்காவின் இடுப்பிலிருக்கும் ரசீதை நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரண்டி பறந்தால் நான் பொறுப்பில்லை.

7

ஐந்து மணிக்குப் பேச்சுப் பயிற்சியாளர் திரையில் வந்தார். வழக்கம்போல், பார்த்துப் பெயர் சொல்லப் பழக்கும் படங்களைக் கையில் எடுத்தார்.

"மேடம், படமெல்லாம் அப்புறம். முதல்ல இவர் கையப் பாருங்க."

அக்கா கையைத் திரைக்குக் காட்டினாள். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"கண்ணுக்குத் தெரியாது. அடியில கை வச்சாத்தான் தெரியும்."

"அம்மா… இப்படி நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். நாம ரொம்ப ஆசைப்பட்டா, இல்லாதது கூட…"

"இல்லாததா? அப்ப கடவுச்சொல் எங்கேருந்து வந்துச்சு? அது வந்ததாலதானே உங்க முகத்தப் பாத்துப் பேசிட்டிருக்கேன்?"

திரையின் அந்தப் பக்கம் அந்த அம்மாள் படங்களைக் கீழே வைத்தார். "வியாழக்கிழமை காலையில நேர்ல வர்றேன். நானே கை வச்சுப் பாக்குறேன்."

நான் தம்பியிடம் கேட்டேன்: "நீங்க வச்சுப் பாத்தீங்களா?"

திருப்புளியின் நுனியில் ஒட்டியிருந்த குட்டித் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, 'வச்சுப் பாருடா'ன்னா. வைக்கல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சுங்க. எனக்கு ஒண்ணும் தெரியலன்னா, அவ முகத்துல எப்படி முழிக்கிறது?"

8

எனக்கு இது சொல்லப்பட்டது நேற்று. இன்று புதன்கிழமை. ஒரு நாள் பொறுத்தால் கதைக்கு முடிவு கிடைத்துவிடும். தம்பியின் கடை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நான் போகப்போவதில்லை. அசைந்தது என்று தெரிந்தால் இது மருத்துவச் செய்தியாகிவிடும். அசையவில்லை என்று தெரிந்தால், பொய்க்கணக்குப் போட்டுச் சரியான விடையைக் கண்டுபிடித்த ஒரு பெண்ணின் கதையாகிவிடும். யோசித்தால் அது இன்னும் பெரிய அதிசயம், என்னால் அதைத் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. இரண்டில் எது என்று எழுதுகிற யோக்கியதை, அந்தக் கையைத் தொட்டவர்களுக்குத்தான் உண்டு. தம்பி தொடவில்லை. நான் தட்டச்சரைப் பார்த்ததே இல்லை.

ஆகவே, உள்ளே போங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. பகல் வெளிச்சம் கூடத்தில் பாதிவரை வந்திருக்கிறது. அக்கா உங்களுக்காகப் பாயை நகர்த்திப் போடுகிறாள். தட்டச்சர் உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறார். வாருங்கள் என்றுதான் பொருள். மண்டியிட்டு உட்காருங்கள். கையை மல்லாத்தி நீட்டுங்கள். அவள் அந்த வலக்கையைத் தூக்கி, விரலுக்கு விரல் பொருத்தி, உங்கள் கைமேல் இறக்குகிறாள். நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது. இளஞ்சூடாக இருக்கிறது.

மூச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். இடக்கை ஒரு விசையை அடித்துவிட்டு நிற்கிறது.

அடுத்த எழுத்து வலக்கையுடையது.