தேதியில்லாத ராஜினாமா

லுதொவிக் வேசாத் அரசியலுக்கு வருவதற்கு முன்னால் நில அளவையராக இருந்தார். பக்கத்துக் காட்டுக்காரன் வேலியை ஒரு சாண் தள்ளித்தான் போட்டிருப்பான் என்று நினைப்பவருக்கே அந்தத் தொழில் ஓடும். இருபத்தெட்டு வயதில் ரூவெனாக் நகராட்சி உறுப்பினர், முப்பத்தாறில் மேயர், மேயர் பதவியை விடாமலே பிறகு மாவட்ட சபை, நாற்பத்தொன்பதில் பாரிஸில் தேசிய சபை என்று ஒவ்வொரு படியாக ஏறினார். அளவு நாடாவைப் பரணில் போட்டார். சந்தேகத்தைப் போட அவருக்கு மனம் வரவில்லை.

அந்த நாட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாக்குச்சீட்டு தனி. தேசிய சபைக்கு நிற்பவர் தன் சீட்டில் தன் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், மாற்று உறுப்பினர் ஒருவரின் பெயரையும் அச்சடிக்க வேண்டும். இவர் மந்திரியாகிவிட்டால் நாற்காலி அந்த மாற்று உறுப்பினருக்குப் போய்விடும். மந்திரி பதவி பறிபோனால் நாற்காலி தானாகத் திரும்பி வராது. உட்கார்ந்திருப்பவர் மனமிரங்கி ராஜினாமா செய்ய வேண்டும், இடைத்தேர்தல் வர வேண்டும், அதில் ஜெயிக்கவும் வேண்டும். அப்படி எழுந்திருக்க மறுத்தவர்களின் கதைகள் வேசாத்துக்கு மனப்பாடம்.

ஆகவே ஆசையே இல்லாத ஆளாகத் தேடினார். பள்ளித் தலைமையாசிரியருக்கு நல்ல குரல், வேண்டாம். தச்சுப்பட்டறைக்காரருக்கு மச்சான்கள் அதிகம், அதுவும் வேண்டாம். கடைசியில் மருந்துக்கடை ஒதெத் கஸாலைப் பிடித்தார். ஐம்பத்திரண்டு வயது விதவை. எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை ஜெயித்த கையோடு ஆறுகளுக்கும் அணைகளுக்கும் இணையமைச்சர் ஆனார். பாரிஸுக்குக் கிளம்பும் முன் ஒதெத்தை மேயர் அறைக்கு அழைத்து, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம். தேதி மட்டும் காலியா இருக்கட்டும்."

ஒதெத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். அது அவருடைய ராஜினாமா.

"என்மேல நம்பிக்கை இல்லையா மேயர்?"

"அதெல்லாம் இருக்கு. இது சும்மா ஒரு சம்பிரதாயம்."

"நம்பிக்கை இருந்தா வாயால சொல்லியிருப்பீங்க. டைப் அடிச்சிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஒதெத் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவு சுலபமாகப் போட்டதே வேசாத்துக்கு உறுத்தியது. ஒதெத் தொகுதி மக்களைச் சந்திக்கும் சனிக்கிழமைதோறும், பாரிஸில் உட்கார்ந்தபடி நகராட்சிச் செயலர் பிராஸ்பெருக்கு போன் போட்டு உளவு கேட்டார்.

"இன்னிக்கு அந்தம்மாவைப் பாக்க எத்தனை பேர் வந்தாங்க?"

"முப்பத்தொண்ணு."

"என் காலத்துல?"

"ஒம்பது, பத்து வரும்" என்றார் பிராஸ்பெர், கொஞ்சம் கூட்டியே.

"முப்பத்தோரு பேருக்கு அங்க என்ன வேலை?"

"பென்ஷன் பேப்பரை நிரப்பித் தர்றாங்க. அப்படியே இருமலுக்கு என்ன சாப்பிடலாம்னும் கேட்டுக்கறாங்க."

இரண்டு வருடம் கழித்து மந்திரிசபையை மாற்றினார்கள். தன் பெயர் பட்டியலில் இல்லை என்பதை வேசாத் கார் வானொலியில்தான் கேட்டார். இனி அவருக்கு மிஞ்சியது மேயர் பதவியும், இன்னொருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும்தான். அது திரும்பக் கிடைக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் வீண். மறுநாளே அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

இலையுதிர்காலம். ஒரு விவசாயி காட்டில் பறித்த காளான்களைக் கூடையோடு கொண்டுவந்திருந்தார். விஷமுள்ளதை ஒதெத் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அவர் பார்த்துச் சொல்லாமல் காளான் அடுப்பில் ஏறாது. விவசாயி போகும்வரை வேசாத் இருமல் மருந்துகளின் விலையைப் படித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கடிதம் விஷயமா..."

"காலைலயே சபைத் தலைவருக்கு வேற ராஜினாமா கடிதம் எழுதிப் போஸ்ட் பண்ணிட்டேன். தேதியில்லாத உங்க காகிதம் செல்லாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"உங்களுக்குத் தூக்கம் வரட்டும்னுதான்."

வேசாத் நன்றி சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் வந்தது வேறு.

"அப்ப இந்தத் தடவையும் என்கூட மாற்று உறுப்பினரா நிக்கறீங்க."

"வேண்டாம் மேயர். கடையைக் கவனிக்கணும்."

மற்றவராக இருந்தால் துள்ளிக் குதித்து வீட்டுக்குப் போயிருப்பார். இந்த மனிதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கைக்கு வந்த நாற்காலியை யார் சும்மா தருவார்கள், தன்னோடு நிற்க மாட்டேன் என்றால் தனக்கெதிராக நிற்கப்போகிறார் என்றுதானே அர்த்தம்? வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆள் ஆளாகப் பிடித்துக் காதைக் கடித்தார். ஒதெத் பதவியைக் காட்டி மருந்துக்கடைக்கு ஆள் சேர்த்தார் என்றார். வேட்புமனுவுக்குக் கெடு முடிந்தது, ஒதெத் மனுவே போடவில்லை. அப்படியானால் தன்னை எதிர்த்து நின்ற மாட்டு வைத்தியரோடு ரகசியமாகக் கைகோத்துவிட்டார் என்று கதையை மாற்றினார்.

"இருவது வருஷமா அவங்க பாத்துக் கொடுத்த காளானைத்தான் திங்கறோம். இன்னும் யாரும் சாகல" என்றார் தொத்திறைச்சி விற்பவர், வெட்டிய துண்டைத் தாளில் சுற்றியபடி. "வேற என்ன வேணும், மேயர்?"

வேசாத் அதையும் சதியின் ஒரு பகுதியாகவே குறித்துக்கொண்டார்.

முதல் சுற்றில் யாருக்கும் பாதி ஓட்டு தேறாததால், வேசாத்துக்கும் மாட்டு வைத்தியருக்கும் மட்டுமான இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேயர் என்ற முறையில் பெட்டிக்குப் பின்னால் வேசாத்தான் தலைமை. மாலை ஆறு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். மற்ற ஊர்களின் முடிவுகள் தொலைபேசியில் வந்தபோது அவர் நூற்றெண்பது ஓட்டு பின்தங்கியிருந்தார். அவர் கவலைப்படவில்லை. சொந்த ஊர் எப்போதும் ஐந்நூறு கூடுதலாகத் தரும்.

பிராஸ்பெர் சீட்டுகளைப் பிரித்து வாசித்தார். "வேசாத். வேசாத்." பிறகு நிறுத்திவிட்டு ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டினார். அச்சடித்த வேசாத்தின் பெயரை அடித்துவிட்டு, மேலே பேனாவால் 'ஒதெத் கஸால்' என்று எழுதியிருந்தது. போட்டியில் இல்லாதவரின் பெயர், செல்லாது. அடுத்ததும் அப்படியே. சில சீட்டுகளில் எழுத்து நடுங்கியிருந்தது, சிலவற்றில் பெயரே பிழையாக இருந்தது. மாட்டு வைத்தியரின் சீட்டுகளில் யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் வேசாத்துக்கு ஐந்நூற்றிருபது, வைத்தியருக்கு நானூற்றெண்பது, செல்லாதவை நானூற்றுப் பன்னிரண்டு. மொத்தத்தில் வேசாத் நூற்றுநாற்பது ஓட்டில் தோற்றிருந்தார்.

வழக்கம்போல ஓட்டு எண்ண வந்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த ஒதெத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் வேசாத், எல்லோருக்கும் கேட்கும்படி. "எவ்வளவு அழகா திட்டம் போட்டிருக்காங்க."

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல" என்றார் ஒதெத். "நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

வேசாத் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொன்னது அவருக்கு அப்படியே நம்பும்படி இருந்தது. சதி என்றால் அதற்கு ஒரு ஆள் இருந்திருப்பார், அவரைத் திட்டித் தீர்த்திருக்கலாம். யாருமே சொல்லிக்கொடுக்காமல் நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், அவர் பெயரை அடித்திருக்கிறார்கள்.

முடிவை வாக்குச்சாவடித் தலைவர்தான் எழுந்து வாசிக்க வேண்டும். வேசாத் எழுந்து வாசித்தார். செல்லாத ஓட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் திரும்ப ஒருமுறை வாசிக்க வேண்டியதாயிற்று. யாரும் கை தட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் அவருக்காக அழுதது ஒதெத் ஒருவர்தான்.