டிஸ்க்குக்குப் பாலிஷ்

என் அக்கா புருஷனுக்கு மூளை எங்கே இருக்கிறது என்று ஜீப்பின் பானெட்டைத் திறந்து தேடினாலும் கிடைக்காது. அங்கே இன்ஜினாவது இருக்கிறது.

அத்தானிடம் இருப்பது பழைய ஜீப். அதைக் காட்டுமேட்டிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே ஒரு கோஷ்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து வண்டியைச் சேற்றில் சிக்கவைத்து, எல்லாரும் சேர்ந்து வெளியே இழுத்து, எதையோ சாதித்த மாதிரி வீடு திரும்புவார்கள். பெரிய டயர் மாட்டிய பிறகு பிரேக் போதவில்லை என்று நான்கு சக்கரத்துக்கும் பெரிய டிஸ்க் போட்டார். அதைக் கவ்விப் பிடிக்கச் சிவப்புக் கலரில் காலிப்பர். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதையும் கெடுத்தார்.

புது டிஸ்க்கும், காலிப்பருக்குள் இருந்து அதை அழுத்துகிற புது பேடும் உரசிப் பழகவேண்டும். ஆளில்லாத ரோட்டில் வேகமெடுத்து, அழுத்தி மிதித்து, ஆறவிட்டு, மறுபடி மிதிக்கவேண்டும். மெக்கானிக் சொன்னார், நானும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. உரசினால் டிஸ்க்கில் கோடு விழுமாம், கோஷ்டி பார்க்கும்போது பளபளப்பு இருக்காதாம். சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பானெட்டுக்குப் போடுகிற பாலிஷை எடுத்து நான்கு டிஸ்க்கிலும் தடவி மினுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், தொடச்சிடுங்க. மிதிச்சா பிடிக்காது" என்றேன்.

"ஸ்கூட்டர் ஓட்டுறவன்லாம் எனக்கு பிரேக் சொல்லித் தர வந்துட்டான்."

அக்காவிடம் போய் அந்த வண்டியில் ஏறாதே என்று கெஞ்சினேன். கோஷ்டியில் எல்லாரும் மனைவியோடு வருகிறார்களாம். இவள் வராவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாரம் முழுக்கப் பேசமாட்டாராம். இப்படிப்பட்ட ஆள் பேசாமலிருந்தால் அது வரம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். பழைய கல்குவாரிதான் இடம். அதுவரை சமதளம், டிஸ்க்கில் தூசி படக்கூடாதென்று பிரேக்கையே தொடாமல் கட்டைவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். குவாரிச் சரிவுக்குக் கீழே தண்ணீர் நிறைந்த பள்ளம். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. மிதித்து மிதித்துப் பார்த்தார், அது பாட்டுக்கு வேகமெடுத்தது. பக்கத்திலிருந்த அக்கா இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். அந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, சக்கரத்தைச் சுழற்றும் அடித்தண்டைப் பிடிக்கும். கோஷ்டி கண்ணில் படாத இடம், அதனால் அங்கே பாலிஷ் போகவில்லை. வண்டி குலுங்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்றது.

அத்தான் இறங்கினார். உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்கவில்லை. ஓடிவந்த கோஷ்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"பயந்தாங்கொள்ளி, நடுவுல ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டா. இல்லன்னா இன்னும் அழகா நிறுத்தியிருப்பேன்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. கோஷ்டியும் சேர்ந்து சிரித்தது. த்தூ.

அக்கா இறங்கி மேலே நடந்து வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். வீட்டில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அம்மா வீட்டுக்குப் போடா" என்றாள்.