சிவப்பு நூல் கட்டிய பருந்து

பருந்தைக் கையில் எடுத்தேன். நெஞ்சு இன்னும் சூடாக இருந்தது. ஆனால் காலில் சிவப்பு நூல்.

எங்கள் இலோகோஸ் மலைமேட்டுக் காற்றாலைகளின் அடியில் தினமும் காலையில் செத்த பறவைகளைத் தேடிப் பதிவுசெய்வது என் வேலை. என் கண்ணைச் சோதிக்க, உறைபெட்டியில் கிடக்கும் பழைய பறவைகளின் காலில் சிவப்பு நூல் கட்டிப் புல்லில் போட்டுவைப்பார்கள். நூல் இருந்தால் காற்றாலை கொன்ற கணக்கில் சேராது. நூல் கட்டுகிறவன், அக்காவான என்னை எங்கள் வழக்கப்படி 'மனாங்' என்று கூப்பிடும் என் தம்பி செவேரோ. மேலாளரிடம் கெஞ்சி அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

காற்றாலைக் கோபுரத்தடியில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த எம்பனாடா தின்றுகொண்டிருந்தான். பருந்தை அவன் மடியில் போட்டேன்.

"தொட்டுப் பாருடா. உறைபெட்டியில கெடந்தது இப்படித்தான் சுடுமா?"

"இன்னிக்கு நீ சீக்கிரம் வந்துட்ட, மனாங். ஆறவிட நேரமில்ல."

"வெக்கமா இல்ல?"

"கத்தாத. எண்ணிக்கை ஏறினா வலசை முடியறவரைக்கும் காத்தாடிய நிறுத்திருவாங்க. அப்புறம் உன் வேலையும்தான் போகும்."

"எனக்காகப் பண்ணினியாக்கும்! எத்தனை நாளா?"

எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்தான். "போன வருஷத்துலேர்ந்து."

போன மாதம்தான் அலுவலகத்தில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு வருடமாக நூல் கட்டிய பறவை ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லையாம். அன்று அத்தனை பேரிலும் பலமாகக் கைதட்டியவன் செவேரோ.